ஒலிநாடாவில் உள்ள குரல்களைக் காப்போம்



முன்னுரை

எழுதிய எழுத்து ஏட்டில் நிற்கும். பேசிய பேச்சோ அக்கணமே காற்றில் கரைந்துவிடும். நெடுங்காலம் மனிதகுலம் இந்நிலையில்தான் வாழ்ந்தது. ஒலியைக் காந்தத்தின் துணையால் பதிந்து வைக்கலாம் என்பதை 1898-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டின் வால்டெமார் பவுல்சன் என்னும் பொறியாளர் எஃகுக் கம்பியைக் கொண்டு செய்து காட்டினார். 1928-இல் செருமனியில் வாழ்ந்த ஃபிரிட்சு ஃபுளூமர் மெல்லிய தாளில் இரும்புப் பொடியைப் பூசி முதல் காந்த நாடாவைச் செய்தார். 1963-ஆம் ஆண்டில் பிலிப்சு நிறுவனத்தைச் சேர்ந்த லூ ஒட்டன்சு என்பாரின் குழுவினர் சட்டைப் பையில் அடங்கும் அளவுடைய ஒலிப்பேழையை உலகிற்கு அளித்தனர். நாம் 'கேசட்' என்று வழங்கி வந்தது இதுவேயாகும்.

நம் நாட்டின் தோட்டப்புறங்களில் 1970-களிலும் 1980-களிலும் இப்பேழை இல்லாத வீடு அரிது. வானொலியும் ஒலிப்பதிவும் சேர்ந்த கருவியைத் தவணை முறையிலேனும் வாங்கிக் கூடத்தில் வைத்தனர். திரைப்பாடல் கேட்பதற்கே பெரும்பாலோர் அதனை வாங்கினர் எனினும், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் வீட்டாரின் குரலும் பதியும் என்பதை விரைவில் கண்டுகொண்டனர். பாட்டியின் தாலாட்டு, மாரியம்மன் திருவிழாவின் உடுக்கைப் பாட்டு, திருமண வீட்டின் வாழ்த்துரை, தோட்டத்து இளைஞர்கள் நடித்த நாடகம், குழந்தையின் முதல் மழலை ஆகிய யாவும் இப்பேழைகளில் ஏறின. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் தமிழகத்தில் இருந்த உடன்பிறந்தாருக்குப் பேழையிற் பேசி, அதனையே கடிதமாக அனுப்பியதும் உண்டு.

இன்று அப்பேழைகள் அலமாரியின் அடித்தட்டிலும் பழைய பிஸ்கட் டின்களிலும் கிடக்கின்றன. அவற்றில் உள்ள குரலை மின்னிலக்கக் கோப்பாக மாற்றி வீட்டிலேயே காத்துக்கொள்ளும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்குப் பெருஞ்செலவோ பெரும்படிப்போ தேவையில்லை. தேவைப்படுவன பொறுமையும் ஒழுங்குமே.

ஒலிநாடாவின் அமைப்பு

பேழையினுள் இருக்கும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதன் அடிப்பகுதி பாலியெஸ்டர் என்னும் நெகிழி. அதன்மேல் இரும்பு ஆக்சைடு, அஃதாவது துருவை ஒத்த நுண்பொடி, ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டுள்ளது. நாடா பழுப்பு நிறமாக இருப்பதற்கு இப்பொடியே காரணம்.

நாம் பேசும்போது எழும் ஒலியலைகளை ஒலிவாங்கி மின்னலைகளாக மாற்றுகிறது. அம்மின்னலை கருவியின் காந்தத் தலைக்குச் செல்கிறது. நாடா அத்தலையை உரசிச் செல்லும்பொழுது, ஒலியின் ஏற்ற இறக்கத்திற்கு ஏற்ப இரும்புப் பொடி காந்தமேறுகிறது. மீண்டும் ஓடவிட்டால் காந்தம் மின்னாகவும், மின் ஒலியாகவும் மாறி நம் செவிக்கு எட்டுகிறது.

நாடா ஒரு வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். 60 நிமிடப் பேழையில் ஒரு பக்கம் 30 நிமிடம், அஃதாவது 1,800 வினாடி. 4.76-ஐ 1,800-ஆல் பெருக்கினால் 8,568 சென்டிமீட்டர் வரும். ஏறத்தாழ 86 மீட்டர் நீளமுள்ள நாடா உள்ளங்கை அளவுள்ள பேழைக்குள் சுற்றப்பட்டிருக்கிறது! 90 நிமிட, 120 நிமிடப் பேழைகளில் நாடா இன்னும் நீளமானது. அதே பெட்டிக்குள் அடங்க வேண்டியிருப்பதால் மேலும் மெல்லியது. ஆதலின் 120 நிமிடப் பேழை எளிதில் சிக்கிக்கொள்ளும். கூடுதல் கவனத்துடன் கையாளுதல் வேண்டும்.

நாடா கெடுவது ஏன்?

நம் நாட்டின் வெப்பமும் ஈரக்காற்றும் நாடாவிற்குப் பகை. பொடியை ஒட்டியிருக்கும் பசை ஆண்டுக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகலாம், பொடி உதிரலாம். நாடாச் சுருளின் ஓரத்தில் வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ பூஞ்சைக்காளான் படியலாம். நாடாவைக் காந்தத் தலையோடு அழுத்தும் சிறு கம்பளித் திண்டு கழன்று விழலாம். இவற்றோடு, ஓட்டும் கருவியும் மூப்படைகிறது. அதனுள் இருக்கும் ரப்பர் வார் தளர்ந்தோ உருகியோ போகிறது. தரமான கருவியைப் புதிதாகச் செய்வோர் அரிதாயினர். பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டனர்.

ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-ஆம் ஆண்டில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2025-ஆம் ஆண்டிற்குள் மின்னிலக்க வடிவம் பெறாத காந்த நாடாப் பதிவுகள் பெரும்பாலும் இழக்கப்படும் என்பதே அது. வல்லுநர்களையும் குளிரறைகளையும் கொண்ட காப்பகத்தின் கவலையே இதுவாயின், பிஸ்கட் டின்னில் கிடக்கும் நம் நாடாவின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

நாடாவும் கருவியும் மட்டுமா மூப்படைகின்றன? நாடாவில் ஒலிக்கும் குரல் யாருடையது என்று சொல்லக்கூடிய பெரியவர்களும் மூப்படைந்து வருகின்றனர். நாடா, கருவி, குரலை அறிந்தவர் ஆகிய இம்மூன்றும் ஒரே இல்லத்தில் ஒருங்கே இருக்கும் காலம் இதுவே. இம்மூன்றனுள் ஒன்று மறைந்தாலும் மற்ற இரண்டால் பயன் குறையும். இதனை மனத்திற்கொண்டு மேற்செல்வோம்.

எதனை முதலில் காப்பது?

ஒரு வீட்டில் 50 பேழைகள் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற இயலாது. 60 நிமிடப் பேழையை மாற்ற 60 நிமிடம் ஓடவிட்டே தீர வேண்டும், குறுக்குவழி இல்லை. ஆகவே வரிசைப்படுத்திக் கொள்ளுதல் முறையாகும்.

கடையில் வாங்கிய திரைப்பாடல், பக்திப்பாடல் பேழைகளைக் கடைசியாக வைக்கலாம். அவை ஆயிரக்கணக்கில் வெளிவந்தவை, வேறிடத்தில் கிடைக்கும். வீட்டார் பதிந்த பேழையோ உலகிலேயே ஒன்றுதான் உள்ளது. அதற்கே முதலிடம். அவற்றுள்ளும் மறைந்தவர்களின் குரல், முதியோரின் பேச்சு, தோட்டத்துத் திருவிழா, நாட்டுப்பாடல் ஆகியவை முன்னே நிற்க வேண்டும்.

எனினும் மேலே ஒட்டிய தாளை மட்டும் பார்த்துப் பேழையை ஒதுக்குதல் கூடாது. அந்நாளில் புதுப் பேழை வாங்க வசதியற்றோர், கடைப் பேழையின் முதுகில் உள்ள துளைகளைச் செல்லோட்டேப்பால் மூடிவிட்டு, பாட்டின்மேலேயே தம் குரலைப் பதிந்தனர். துளை மூடிய பேழையைக் கண்டால் இரு பக்கத்தையும் முழுமையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கோர் எடுத்துக்காட்டு. நம் பள்ளி மாணவர் ஒருவரின் இல்லத்தில் தூக்கியெறிய வைத்திருந்த திரைப்பாடல் பேழை ஒன்றைக் கேட்டுப் பார்த்தோம். இரண்டாம் பக்கத்தின் நடுவே பாடல் அறுந்தது. "தம்பி, நான் அக்கா பேசறேன்" என்று ஒரு பெண்குரல் எழுந்தது. அம்மாணவரின் கொள்ளுப்பாட்டி ஊரில் இருந்த தம்பிக்குப் பேசிய கடிதம் அது. என்ன காரணத்தாலோ அனுப்பப்படாமல் நின்றுவிட்டது. விடியற்காலைப் பெரட்டு, மழையால் மரம் வெட்டாமற்போன நாள்கள், ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்ற பிள்ளைகள் என்று பேசிக்கொண்டே வந்தவர், தாம் பெற்ற பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். வீட்டார் அறிந்த பெயர்கள் ஆறு. அவர் சொன்னவை ஏழு. காய்ச்சலில் இறந்துபோன மூத்த பெண்குழந்தையின் பெயரை அன்றுதான் அக்குடும்பம் முதன்முதலாகக் கேட்டது. அப்பெயர் குடும்பத்தில் வேறெவ்விடத்தும் எழுதப்படவில்லை. அந்தப் பேழை குப்பைக்குச் சென்றிருப்பின் அப்பெயரும் அதனோடு சென்றிருக்கும்.

ஒலி எண்ணாக மாறுவது எப்படி?

மாணவர்களே! பால்மரத் தோட்டங்களில் பால் நிறுக்கும் கொட்டகை இருந்ததைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொருவரும் கொண்டுவந்த பாலைக் கிராணியார் நிறுத்து, அதன் அளவைப் புத்தகத்தில் எண்ணாக எழுதுவார். பால் ஆலைக்குப் போய்விடும். எண் புத்தகத்தில் நிற்கும். மின்னிலக்க ஒலிப்பதிவும் இத்தகையதே. ஓடிக்கொண்டிருக்கும் ஒலியலையின் உயரத்தைக் கணினி இடைவிடாமல் அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறது. குறுந்தட்டின் முறைப்படி ஒரு வினாடியில் 44,100 முறை அளக்கிறது! மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்க வல்லது. அதனினும் இரு மடங்குக்கு மேல் அளப்பதால், கேட்கத்தக்க ஒலி யாவும் எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

இதனால் விளையும் நன்மை பெரிது. பேழையிலிருந்து பேழைக்குப் படியெடுத்தால் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், குரல் மங்கும். எண்களைப் படியெடுத்தாலோ நூறாவது படியும் முதற்படியைப் போன்றே இருக்கும். நூறு பேரப்பிள்ளைகளுக்கும் ஒரே தெளிவான குரலைக் கொடுக்கலாம்.

இடம் எவ்வளவு தேவைப்படும்? ஒவ்வோர் அளவும் 2 பைட்டு இடம் கொள்ளும். 44,100-ஐ 2-ஆல் பெருக்கின் வினாடிக்கு 88,200 பைட்டு. ஒரு மணி நேரத்திற்கு 3,600 வினாடி. ஆகவே ஒருவழி ஒலியாகப் பதிந்த 60 நிமிடப் பேழை ஏறத்தாழ 318 மெகாபைட்டு ஆகும். 32 கிகாபைட்டு விரலி ஒன்றில் இத்தகைய 100 பேழைகள் அடங்கும். காப்பகங்கள் வினாடிக்கு 48,000 அளவு, ஒவ்வோர் அளவிற்கும் 3 பைட்டு என்னும் உயர்ந்த முறையைக் கையாள்கின்றன. வசதியுள்ளோர் அதனைப் பின்பற்றலாம்; வீட்டுப் பேச்சுப் பதிவிற்கு முன்னது போதும்.

தேவையான பொருள்கள்

1. நன்கு ஓடும் ஒலிநாடாக் கருவி ஒன்று. இல்லையேல் உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ இரவல் பெறலாம்.
2. கணினி ஒன்று.
3. கருவியையும் கணினியையும் இணைக்கும் 3.5 மில்லிமீட்டர் முனையுள்ள கம்பி.
4. யூ.எஸ்.பி. வழி இணையும் சிறிய ஒலியட்டை. அதில் 'லைன்-இன்' துளை இருத்தல் வேண்டும். மடிக்கணினியில் உள்ள ஒற்றைத் துளை பெரும்பாலும் ஒலிவாங்கிக்கு உரியது. அதில் நேரே செருகினால் குரல் சிதைந்து ஒலிக்கும்.
5. ஒலிப்பதிவு மென்பொருள். 'ஆடாசிட்டி' என்பது இலவசமாகக் கிடைப்பது. வீட்டுப் பயனுக்குப் போதுமானது.
6. பஞ்சுக்குச்சி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மென்துணி.
7. குறிப்பேடு ஒன்று, எழுதுகோல் ஒன்று.

செய்முறை

முதலாவதாக, அழியாமல் காத்தல். நாடா வெளியே தெரியும் விளிம்பு கீழ்நோக்கி இருக்குமாறு பேழையைப் பிடித்தால், மேல் விளிம்பின் இடப்புறத்தில் உள்ள சிறு நெகிழித் துண்டு நம்மை நோக்கும் பக்கத்திற்கு உரியது. அதனை ஒடித்துவிட்டால் அப்பக்கத்தின்மேல் புதிதாக எதுவும் பதியாது. இரு பக்கத்திற்கும் இவ்வாறு செய்க. செல்லோட்டேப்பால் மூடிய துளையாயின் அதனை உரித்தெடுக்க. தவறிச் சிவப்புப் பொத்தான் அழுந்தினாலும் குரல் பிழைத்துக்கொள்ளும்.

இரண்டாவதாக, நாடாவைச் சோதித்தல். பேழையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க. பூஞ்சை படிந்திருந்தால் ஓட்டுதல் கூடாது. அது கருவியையும், அக்கருவியில் ஓடும் பிற நாடாக்களையும் தொற்றும். அதன் தூள் மூச்சிற்கும் தீங்கு. தனிப் பையில் இட்டு, துறையறிந்தவரிடம் கொடுக்க வைத்திருக்க வேண்டும். நாடா தொய்ந்திருந்தால் பேழையின் பல்லுள்ள துளையில் பென்சிலைச் செருகி மெல்லச் சுற்றி இறுக்குக. அறுந்திருந்தால் செல்லோட்டேப்பால் ஒட்டாதீர். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றுகளைப் பற்றிக்கொள்ளும். நாடா ஒட்டுவதற்கென்றே விற்கும் ஒட்டுநாடாவையே பயன்படுத்துதல் வேண்டும்.

மூன்றாவதாக, கருவியைத் தூய்மை செய்தல். பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் சிறிது நனைத்துக் காந்தத் தலையையும் அதன் அருகில் உள்ள உலோகத் தண்டையும் துடைத்து, நன்கு உலரவிடுக. ரப்பர் உருளையை நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றக் கூடியது. ஆதலின் இவ்வேலையைப் பெற்றோர் செய்ய, மாணவர் பார்த்திருக்கட்டும். பின்னர், வேண்டாத பேழை ஒன்றை முதலில் ஓட்டிப் பார்க்க. அது சிக்காமல், வேகம் மாறாமல் ஓடினால் மட்டுமே அரிய பேழையை இடுக.

நான்காவதாக, இணைத்தல். கருவியில் 'லைன்-அவுட்' துளை இருப்பின் அதிலிருந்தும், இல்லையேல் ஹெட்போன் துளையிலிருந்தும் கம்பியை ஒலியட்டைக்குக் கொண்டுசெல்க. ஹெட்போன் துளையாயின் ஒலியளவைப் பாதியில் வைக்க. தாழ்சுருதியை மிகைப்படுத்தும் பொத்தான்களை நிறுத்திவிடுக. கணினி இடையில் உறங்கிவிடாதவாறும் அறிவிப்பொலி எழுப்பாதவாறும் முன்னரே அமைத்துக்கொள்க.

ஐந்தாவதாக, ஒலியளவைச் சரிசெய்தல். இச்செயலில் மிகுந்த கவனம் தேவை. பேழையில் உரத்து ஒலிக்கும் பகுதியை ஓட்டி, மென்பொருளில் உள்ள அளவுமானியைக் காண்க. மிக உயர்ந்த ஒலி, மானியின் உச்சியாகிய 0 டெசிபலுக்குக் கீழே 6 டெசிபல் அளவில் நிற்கட்டும். உச்சியைத் தொட்டால் அலையின் முடி வெட்டுண்டுவிடும். வெட்டுண்டதைப் பின்னர் எவராலும் முழுமையாக மீட்க முடியாது. சற்றுத் தாழ்வாகப் பதிந்ததை உயர்த்திக்கொள்ளலாம். ஐயமுண்டாயின் தாழ்வே நன்று.

ஆறாவதாக, பதிதல். பேழையை முன்னும் பின்னும் ஒருமுறை முழுமையாகச் சுற்றித் தொடக்கத்திற்குக் கொண்டுவருக. முதலில் கணினியில் பதிவைத் தொடங்கி, பின் நாடாவை ஓட்டுக. பக்கம் முடியும் வரை நிறுத்தாதீர். இடையில் நீண்ட வெறுமை வந்தாலும் பொறுத்திருக்க. வெறுமைக்கு அப்பால் குரல் இருக்கக்கூடும். பதியும்பொழுது ஒருவர் அருகில் அமர்ந்து கேட்டு, எத்தனையாவது நிமிடத்தில் என்ன ஒலிக்கிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவருதல் வேண்டும். இது மாணவர்களுக்கு ஏற்ற பணி.

ஏழாவதாக, சேமித்தல். முதற்படியை 'வேவ்' அல்லது 'ஃபிளாக்' என்னும் கோப்பு வடிவில் சேமிக்க. இவை ஒலியில் எதனையும் விட்டுவிடாதவை. உறவினருக்கு அனுப்ப 'எம்.பி.3' வடிவில் மற்றொரு படி எடுத்துக்கொள்ளலாம். அது இடத்தைச் சுருக்குவதற்காக ஒலியின் சில கூறுகளை நீக்கிவிடும். ஆதலின் அதனையே முதற்படியாக வைத்தல் தகாது. இரைச்சலைக் குறைக்கும் வசதி மென்பொருளில் உண்டு. அதனைப் படியில் மட்டுமே கையாள்க. இரைச்சலை நீக்கப் புகுந்து, பாட்டியின் மூச்சையும் பின்னணியில் கூவிய சேவலையும் சேர்த்து நீக்கிவிடுவோர் உளர். முதற்படி எவ்வகை மாற்றமும் இன்றி, பதிந்தது பதிந்தவாறே இருக்கட்டும்.

கணினி இல்லாத இல்லத்தார் என் செய்வது? நாடாவை நேரே விரலியில் பதியும் சிறு கருவிகள் விற்கப்படுகின்றன. அவற்றின் தரம் நடுத்தரமே எனினும் பேச்சுப் பதிவிற்கு உதவும். அதுவும் இயலாதெனின், அமைதியான அறையில் கருவியின் ஒலிபெருக்கி முன் கைப்பேசியை வைத்துப் பதிந்துகொள்க. சிறந்த முறை அன்று. ஆயினும் ஒன்றுமே இல்லாமற் போவதினும் மேலானது.

பெயரிடுதலும் குறிப்பெழுதுதலும்

பெயரில்லாத கோப்பு முகவரியில்லாத கடிதத்தைப் போன்றது. ஆண்டு, நிகழ்ச்சி, பேசியவர், பக்கம் என்னும் முறையில் பெயரிடுக. '1984-பொங்கல்-பாட்டி-பக்கம்1' என்பதுபோல் அமையலாம். ஆண்டை முன்னே வைத்தால் கோப்புகள் காலவரிசையில் தாமே அணிவகுக்கும்.

அடுத்து, வீட்டுப் பெரியவர்களை அமரவைத்துப் பதிவைக் கேட்கச் செய்க. "இது யார் குரல்? எந்தத் தோட்டம்? எந்த லயம்? அருகில் சிரிப்பது யார்? என்ன விசேஷம்?" என்று கேட்டு எழுதுக. அவர்கள் சொல்வதையும் கைப்பேசியில் பதிந்துகொண்டால் இன்னும் நன்று. பல ஆண்டுகளுக்குப் பின் பெற்றோரின் குரலைக் கேட்கும்போது அவர்கள் கலங்குவது இயல்பு. உடனே கருவியை நிறுத்துக, தண்ணீர் கொடுக்க, விரும்பினால் மற்றொரு நாள் தொடர்க. முதியோரின் மனத்தைவிடப் பதிவு பெரிதன்று.

இப்பணியில் மொழிப்பயனும் உண்டு. பெரட்டு, மங்கு, ஆயாக்கொட்டகை, தண்டல் முதலிய சொற்களை இன்றைய மாணவர் பலர் அறியார். பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் மாறிவிட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அச்சொற்கள் பேசிய வாயின் ஒலியோடு, ஏற்ற இறக்கத்தோடு, இந்நாடாக்களில் இருக்கின்றன. புரியாத சொல் வரும்போதெல்லாம் மாணவர் அதனைக் குறித்துக்கொண்டு பொருள் கேட்டறிதல் வேண்டும். வள்ளுவப் பெருந்தகை 'கேள்வி' என்னும் பெயரால் 42-ஆம் அதிகாரத்தை வகுத்தது செவியால் பெறும் அறிவின் சிறப்பை உணர்த்தவே அன்றோ?

மூன்று படிகள்

கணினியில் மட்டும் வைத்த கோப்பு, கணினி கெட்டால் அழியும். விரலி சிறியது, எளிதில் தொலையும். ஆகவே துறையறிந்தோர் ஒரு விதி கூறுவர்: மூன்று படிகள் இருக்க வேண்டும், அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று வீட்டுக் கணினியில், ஒன்று வன்தட்டில், ஒன்று வெளியூரில் இருக்கும் சித்தப்பா அல்லது அத்தை வீட்டில் என வைத்துக்கொள்ளலாம். வெள்ளமோ தீயோ ஒரு வீட்டைத் தாக்கினும் குரல் பிழைக்கும். ஆண்டிற்கொரு முறை, பொங்கல் அல்லது தீபாவளி விடுமுறையில், எல்லாப் படிகளையும் திறந்து சோதித்துப் பார்க்க.

புலனத்தில் அனுப்புவதைச் சேமிப்பு என்று கருதற்க. கைப்பேசி மாறும்போது அது மறைந்துவிடலாம். மேலும் ஒப்பாரி, குடும்பச் சிக்கல் முதலியன அடங்கிய பதிவைப் பிறருக்கு அனுப்புமுன் குடும்பத்துப் பெரியவர்களின் இசைவைப் பெறுதல் கடமை. மறைந்தவரின் குரல் வேடிக்கைப் பொருளன்று.

மாற்றி முடித்த பின்னும் நாடாவை எறியாதீர். ஈரமில்லாத இடத்தில், வெயிலும் ஒலிபெருக்கியின் காந்தமும் அணுகாதவாறு நிமிர்த்தி வைக்க. இன்று நம்மால் ஓட்ட இயலாததை நாளை வேறொருவர் இன்னும் தெளிவாக மீட்கக்கூடும்.

முடிவுரை

தோட்டத்து மக்களின் வரலாறு நூல்களில் எழுதப்பட்டதைவிட எழுதப்படாதது மிகுதி. காட்டை அழித்துப் பாதை போட்டவர்களும், விடியுமுன் எழுந்து மரம் சீவியவர்களும் தம் வாழ்வை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. பலருக்கு எழுதும் வாய்ப்பே கிட்டவில்லை. அவர்களுள் சிலர் ஒலிப்பேழைமுன் அமர்ந்து பேசினர், பாடினர், சிரித்தனர். அக்குரல்களைத் தேடி எந்த அலுவலகமும் நம் வாயிலுக்கு வரப்போவதில்லை. அவற்றைக் காக்கும் பொறுப்பு அப்பேழையை வைத்திருக்கும் குடும்பத்தையே சாரும்.

இவ்வாண்டு விடுமுறையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேழையேனும் மாற்றப்படுமாயின், இக்கட்டுரை தன் பயனை அடைந்ததாகக் கொள்வோம். நாடாவைத் தேடுங்கள்; கருவியைத் துடையுங்கள்; தாத்தா பாட்டியை அருகில் அமர்த்துங்கள். மூன்றும் இருக்கும் பொழுதே செய்து முடிப்போம்.

பயிற்சி

1. ஒலிநாடாவில் பூசப்பட்டுள்ள பொடி எது? அதன் பயன் யாது?
2. 90 நிமிடப் பேழையின் ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடும். நாடாவின் நீளத்தைக் கணக்கிடுக.
3. திரைப்பாடலின் பெயர் எழுதிய பேழையையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஏன்?
4. முதற்படியில் இரைச்சலை நீக்கலாகாது என்பதற்குரிய காரணத்தை இரு வாக்கியங்களில் எழுதுக.
5. உங்கள் வீட்டில் உள்ள பேழைகளைப் பட்டியலிடுக. ஒவ்வொன்றிலும் ஒலிப்பது யார் குரல் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி, பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியரிடம் காட்டுக.

— தலைமையாசிரியர்